அப்பாவின் வாயைத் திறந்து பார்த்த நாள்

தை மாதம் பாதி தாண்டியபோது அப்பா சாப்பாட்டைக் குறைத்துவிட்டார். அம்மாதான் முதலில் கவனித்தாள். "தட்டுல போட்டது போட்ட மாதிரியே இருக்குடி" என்று போனில் சொன்னபோது நான் ரிவிஷன் தேர்வுத் தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். போகிப் புகையில் வீசிங் ஏறி, பத்து நாள் படுத்து எழுந்தவர். உடம்பு தேறினால் வாய்க்கும் ருசி வந்துவிடும் என்று சொல்லி போனை வைத்துவிட்டேன்.

அப்பாவுக்கு 76 வயது. பெரம்பூர் கோச் ஃபேக்டரியில் ஃபிட்டராக இருந்து ரிட்டையர் ஆனவர். இப்போது அம்மாவும் அவரும் அயனாவரத்தில், நான் வில்லிவாக்கத்தில். வேலையில் இருந்த நாட்களில் ஞாயிற்றுக்கிழமை விடியும் முன்பே சைக்கிளை எடுத்துக்கொண்டு காசிமேட்டுக்குப் போய் மீன் வாங்கி வருவார். கருவாட்டுக் குழம்பு வைத்தால் அன்றைக்கு அளவாகச் சாப்பிட்டு, மறுநாள் காலை பழைய சோற்றுக்கு என்று பாதியைத் தனியாக எடுத்து வைக்கச் சொல்வார். அந்த மனிதர் ரசம் சாதத்தை இரண்டு வாய் உருட்டிவிட்டுக் கை கழுவுகிறார் என்றால் நான் அன்றைக்கே கிளம்பிப் போயிருக்க வேண்டும்.

கேட்டால் அவர் சொன்னது இவ்வளவுதான்: "வாய்ல பஞ்சு அடைச்ச மாதிரி இருக்கு. எதைத் தின்னாலும் ஒரே மண்ணு. காரம் பட்டா எரியுது." எரிகிறது என்றதும் எல்லாரும் அதை வாய்ப்புண் என்று முடிவுகட்டினோம். வயிற்றுச் சூடு என்றாள் அம்மா. மணத்தக்காளிக் கீரையைத் தேங்காய்ப்பால் விட்டுச் செய்து கொடுத்தாள். மெடிக்கல் ஷாப்பில் பி காம்ப்ளெக்ஸ் கேப்சூல் வாங்கி ஒரு வாரம் போட்டோம். ராத்திரி படுக்கும்போது நாக்கில் தேன் தடவினாள். சர்க்கரை நோயாளிக்கு, பூஞ்சை படிந்த வாயில், தூங்கப்போகும் நேரத்தில் தேன். இன்று நினைத்தாலும் எனக்கு வயிற்றைப் பிசைகிறது. 21 வருஷமாகப் பள்ளியில் உயிரியல் எடுக்கிறேன். பூஞ்சை எதைத் தின்று வளரும் என்று வருஷா வருஷம் பிள்ளைகளுக்குச் சொல்கிறவள் நான்.

மூன்றாவது வாரம் அவர் லுங்கி இடுப்பில் நிற்கவில்லை. மடித்து மடித்துச் செருகிக்கொண்டே இருந்தார். நான் போய் உட்கார்ந்து, "என்னப்பா, குழந்தை மாதிரி அடம் பிடிக்கிற?" என்று சத்தம் போட்டேன். அவர் பதில் சொல்லாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அப்படித் திருப்பியபோதுதான் உதட்டின் இரண்டு ஓரமும் வெடித்துச் சிவந்திருந்தது கண்ணில் பட்டது. "வாயைத் தொறப்பா, பார்க்கலாம்" என்றேன். மாட்டேன் என்று தலையாட்டினார்.

காரணம் பல் செட்டு. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் மேல்வரிசை முழுவதும் எடுத்துவிட்டு செட்டு வைத்தார்கள். அன்றிலிருந்து அவரைச் செட்டு இல்லாமல் நாங்கள் யாருமே பார்த்ததில்லை, அம்மா உட்பட. பாத்ரூம் தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டு கழற்றி, கழுவி, மாட்டிக்கொண்டுதான் வெளியே வருவார். ராத்திரியும் அதோடுதான் தூங்குவார். ஏன் என்று அன்றைக்குத்தான் முதல்முறையாகக் கேட்டேன். கொஞ்ச நேரம் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "ராத்திரி திடீர்னு ஏதாவது ஆச்சுன்னா நாலு பேர் வருவாங்க. பொக்கை வாயோடயா கிடப்பேன்?" என்றார்.

ஒன்பது வருஷமாக ஒவ்வொரு ராத்திரியும் அந்த நினைப்போடு படுத்திருக்கிறார். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

அம்மாவை அடுப்படிக்கு அனுப்பச் சொன்னார். கதவைச் சாத்தச் சொன்னார். அப்புறம் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு செட்டைக் கழற்றினார். போன் டார்ச்சை அடித்துப் பார்த்தேன். நாக்கிலும் உள்கன்னத்திலும் தயிர் ஆடை கிழிந்து ஒட்டியது போல வெள்ளை வெள்ளையாகத் திட்டு. மேலண்ணம் முழுக்க ரத்தச் சிவப்பு. அந்தச் சிவப்புக்கு ஒரு எல்லைக்கோடு இருந்தது. செட்டு எதுவரை படுமோ, அச்சு எடுத்த மாதிரி அதுவரைக்கும்தான் சிவப்பு.

ஈரத்துணியால் நாக்கைத் துடைத்துப் பார்த்தேன். திட்டு பெயர்ந்து வந்தது. அடியில் தோல் உரிந்தது போலச் சிவந்து, துணியில் லேசாக ரத்தம். எனக்குக் கை நடுங்கியது. அப்பா 30 வருஷம் வெற்றிலையோடு பன்னீர்ப் புகையிலை போட்டவர், விட்டு ஆறு வருஷம்தான் ஆகிறது. எங்கள் தெருவிலேயே வாய்ப் புற்றுநோயில் இரண்டு பேர் போயிருக்கிறார்கள். பெங்களூரிலிருக்கும் தம்பிக்குப் படம் எடுத்து அனுப்பினேன். அவன் கூகுளில் தேடிவிட்டு அரைமணி நேரத்தில் கூப்பிட்டு, சத்தத்தைக் குறைத்துக்கொண்டு, "அக்கா, எய்ட்ஸ்ல வரும்னு போட்டிருக்கு" என்றான். அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் யாருமே சரியாகத் தூங்கவில்லை.

திங்கட்கிழமை பள்ளிக்கு லீவு சொல்லிவிட்டு, பக்கத்திலேயே இருக்கும் பல் டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனேன். பஞ்சுத் துணியால் ஒரு திட்டை மெதுவாகத் தொட்டு எடுத்துப் பார்த்தார். "பூஞ்சைம்மா. கேண்டிடா. ஓரல் திரஷ்னு சொல்வோம்" என்றார். சித்த மருத்துவத்தில் குழந்தைகளுக்கு வாயில் வரும் இதே மாதிரி வெள்ளையை அக்கரம் என்பார்கள். பாட்டி சொல்லிக் கேட்டிருக்கிறேன். கேண்டிடா ஆல்பிகன்ஸ் என்ற பெயரில் இரண்டு சொல்லுமே லத்தீனில் வெண்மையைக் குறிப்பவை. ரொட்டி மாவைப் பொங்க வைக்கிற ஈஸ்ட்டுக்குத் தூரத்துச் சொந்தம். நல்ல ஆரோக்கியமாக இருக்கிற நிறைய பேர் வாயிலும் இது இருக்கிறது. எச்சிலும், கூட வாழும் பாக்டீரியாவும், நம் உடம்பின் எதிர்ப்புச் சக்தியும் சேர்ந்து அதை அடக்கி வைத்திருக்கின்றன. அந்தப் பிடி தளரும்போது அது பரவுகிறது.

அப்பாவின் வாயில் அந்தப் பிடி எப்படித் தளர்ந்தது என்று டாக்டரம்மா ஒவ்வொன்றாகக் கேட்டுக் கேட்டு எடுத்தார். அதைத்தான் விரிவாக எழுத வேண்டும் என்று நினைத்தேன். ஏனென்றால் அதில் ஒன்றுகூட எங்கள் கண்ணுக்குத் தெரியாமல் நடந்ததில்லை. எல்லாம் நாங்களே எடுத்துக் கொடுத்ததுதான்.

வீசிங்குக்கு ஏழு நாள் ஆன்டிபயாடிக் போட்டோம். நெஞ்சுச் சளிக்குக் காரணமான பாக்டீரியாவோடு, வாயில் பூஞ்சைக்குப் போட்டியாக இருந்த நல்ல பாக்டீரியாவும் போயிற்று. அதோடு ஐந்து நாள் ஸ்டீராய்டு மாத்திரை. அது எதிர்ப்புச் சக்தியைக் கொஞ்சம் தணிக்கும், சர்க்கரையையும் ஏற்றும். வெறும் வயிற்றில் 140 இருந்தவருக்கு அந்த வாரம் 268. சர்க்கரை ஏறினால் எச்சிலிலும் குளுக்கோஸ் கூடும், வாயும் உலரும். அப்புறம் தினமும் இரண்டு வேளை ஸ்டீராய்டு கலந்த இன்ஹேலர். பம்ப்பை நேராக வாயில் வைத்து அடித்துக்கொள்வார். மருந்தில் ஒரு பங்குதான் நுரையீரலுக்குப் போகும், மிச்சம் நாக்கிலும் தொண்டையிலும் படியும். அதைக் கொப்பளித்துத் துப்ப வேண்டும். அவர் ராத்திரி படுக்கையிலேயே உட்கார்ந்து அடித்துவிட்டு அப்படியே சாய்ந்துவிடுவார். அதற்கும் மேலே, கழற்றாத செட்டு. அக்ரிலிக் தகட்டின் உள்பக்கம் வழவழப்பாகத் தெரிந்தாலும் நுண்ணிய துளைகள் நிறைந்தது. பூஞ்சை அதில் பாசி போலப் படிந்துகொள்ளும். தகட்டுக்கும் அண்ணத்துக்கும் நடுவில் எச்சில் ஓட்டமும் கிடையாது. அண்ணத்துச் சிவப்பு பெரும்பாலும் வலிக்காது என்றார். அதனால்தான் அது எவ்வளவு காலமாக இருந்தது என்று அப்பாவுக்கே தெரியவில்லை. செட்டு பழசாகித் தேய்ந்ததால் வாய் சற்று அமுங்கி, உதட்டோர மடிப்பில் எச்சில் தங்கி, அங்கேயும் பூஞ்சை பிடித்து வெடித்திருக்கிறது. அம்மா அதற்கு வாஸ்லின் தடவிக்கொண்டிருந்தாள்.

புற்றுநோய் பயத்தை நானே வாய்விட்டுக் கேட்டேன். டாக்டரம்மா அதைத் தட்டிக்கழிக்கவில்லை. துடைத்தால் வருகிற வெள்ளை பூஞ்சையாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். துடைத்தும் போகாமல் தோலோடு தோலாக ஒட்டியிருக்கிற வெள்ளைத் திட்டு வேறு, புகையிலை போட்டவர்களுக்கு அதைக் கட்டாயம் பரிசோதிக்க வேண்டும் என்றார். உள்கன்னம், நாக்கின் அடி, நாக்கின் ஓரம் எல்லாவற்றையும் விரலால் தொட்டு அழுத்திப் பார்த்தார். "இரண்டு வாரம் மருந்து போட்டுட்டு வாங்க. ஏதாவது திட்டு மிச்சம் இருந்தா சதை எடுத்து டெஸ்டுக்கு அனுப்பலாம்" என்று தேதி எழுதிக் கொடுத்தார். வீட்டில் இனி சுரண்டிப் பார்க்காதீர்கள், டார்ச் அடித்துப் பார்த்தால் போதும் என்றும் சொன்னார்.

தம்பியின் பயத்துக்கும் ஒரு நியாயம் இருக்கிறது. எச்.ஐ.வி. எதிர்ப்புச் சக்தியைக் குறைப்பதால் திரஷ் அதன் ஆரம்ப அடையாளங்களில் ஒன்றாக வரும். இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்று முதன்முதலாகக் கண்டறியப்பட்டது நம் சென்னையில்தான், 1986-ல். மெட்ராஸ் மெடிக்கல் காலேஜில் டாக்டர் சுனிதி சாலமனும் அவரிடம் படித்துக்கொண்டிருந்த டாக்டர் செல்லப்பன் நிர்மலாவும் செய்த பணி அது. அத்தனை வருஷம் ஆகியும் அந்த நோயின் பெயரை இன்னும் குரலைத் தாழ்த்தித்தான் சொல்கிறோம். சின்ன வயதுக்காரர் ஒருவருக்கு ஆன்டிபயாடிக், இன்ஹேலர், செட்டு என்று எந்தக் காரணமும் இல்லாமல் திரஷ் திரும்பத் திரும்ப வந்தால் சர்க்கரைக்கும் எச்.ஐ.வி.க்கும் ரத்தம் பார்க்கச் சொல்வார்கள். பார்த்துவிடுவதுதான் நல்லது. கூச்சத்தால் தள்ளிப்போட்டால் நஷ்டம் நோயாளிக்குத்தான். அப்பாவுக்குக் காரணங்கள் வரிசையாகக் கண்ணெதிரே இருந்ததால் அவருக்கு அது தேவைப்படவில்லை.

மருந்து என்று பார்த்தால் சின்ன விஷயம். க்ளோட்ரிமசோல் மவுத் பெயின்ட், ஒரு சிறு பாட்டில். செட்டைக் கழற்றிவிட்டு, சாப்பாட்டுக்குப் பிறகு நாக்கு, கன்னம், அண்ணம் எல்லாம் படுகிற மாதிரி ஒரு நாளைக்கு நான்கு வேளை போட்டோம். போட்டபின் அரைமணி நேரம் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை, மருந்து வாயில் தங்க வேண்டுமே. உதட்டோரத்துக்குத் தனியாக ஒரு க்ரீம். இதற்கு நடுவில் பக்கத்து வீட்டு மாமா, "ஃப்ளூகோனசோல்னு ஒரு மாத்திரை இருக்கு, ஒண்ணு போட்டா ஓடிடும்" என்று ஸ்ட்ரிப்போடு வந்து நின்றார். நல்ல மனசோடுதான் கொண்டுவந்தார். ஆனால் டாக்டரம்மா அப்பாவின் மாத்திரைப் பையையே கொட்டச் சொல்லிப் பார்த்திருந்தார். சர்க்கரைக்கு அவர் போடுவது கிளிமிபிரைட். ஃப்ளூகோனசோலை அதோடு போட்டால் சர்க்கரை மாத்திரையின் வேகம் கூடி, சர்க்கரை சட்டென்று இறங்கிவிடலாம். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் போடுகிறவர்களுக்கு இன்னும் ஆபத்து. அவர்களுக்கு வாயில் தடவுகிற மைக்கோனசோல் ஜெல்கூடச் சேராது. தேவைப்படுகிறவர்களுக்கு அந்த மாத்திரை மிக நல்ல மருந்துதான். விழுங்கும்போது நெஞ்சுக்குள் வலித்தால் பூஞ்சை உணவுக்குழாய் வரைக்கும் இறங்கியிருக்கலாம், அதற்குத் தடவும் மருந்து போதாது. ஆனால் அதை டாக்டர்தான் எழுத வேண்டும், மற்ற மாத்திரைகளையெல்லாம் பார்த்துவிட்டு.

என் வகுப்பில் நான் வழக்கமாகச் சொல்லும் ஒரு கதையை இங்கே சொல்லாமல் போக மனமில்லை. மனிதருக்குப் பயன்பட்ட முதல் பூஞ்சை எதிர்ப்பு ஆன்டிபயாடிக் நிஸ்டாட்டின். 1950-ல் அதை அறிவித்தவர்கள் எலிசபெத் ஹேசன், ரேச்சல் பிரவுன் என்ற இரண்டு பெண்கள். ஒருவர் நியூயார்க் நகரத்தில், இன்னொருவர் ஆல்பனியில். மண்ணிலிருந்து வளர்த்த கிருமிகளைத் தபாலில் அனுப்பி அனுப்பி ஆராய்ச்சி செய்தார்கள். நியூயார்க் ஸ்டேட் என்ற பெயரைச் சுருக்கித்தான் மருந்துக்கு அந்தப் பெயரே வைத்தார்கள். காப்புரிமையில் வந்த பணத்தைத் தங்களுக்கென்று வைத்துக்கொள்ளாமல் ஆராய்ச்சிக்கே கொடுத்துவிட்டார்கள். வாயில் அந்தப் பூஞ்சையோடு அவஸ்தைப்படும் ஒருவரைப் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகு, அந்த இரண்டு பெண்கள்மேல் எனக்கு மரியாதை இன்னும் கூடிவிட்டது.

மருந்தைவிடக் கஷ்டமாக இருந்தது செட்டை ராத்திரி கழற்ற வைப்பது. டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: செட்டு வாயில் இருக்கும்வரை மருந்து போட்டும் பயனில்லை, இன்று போகும், அடுத்த மாதம் திரும்ப வரும். அப்பா தலையாட்டிவிட்டு வந்தார். முதல் ராத்திரி கழற்றவில்லை. இரண்டாம் ராத்திரியும் இல்லை. மூன்றாம் நாள் ஜாயின்ட் ஆபீஸ் பக்கம் ஒரு பாத்திரக் கடையில் மூடி போட்ட சின்ன டப்பா ஒன்று வாங்கிவந்து, தண்ணீர் ஊற்றி, அவர் தலைமாட்டில் ஸ்டூல்மேல் வைத்தேன். "ராத்திரி என்ன ஆனாலும் கை நீட்டினா எட்டும்பா. அம்மாவுக்கும் சொல்லி வச்சிருக்கேன். யார் உள்ள வர்றதுக்கு முன்னாடியும் முதல்ல உன் கையில இதைத்தான் கொடுப்பா" என்றேன். அவர் டப்பாவையே கொஞ்ச நேரம் பார்த்தார். விளக்கை அணைக்கச் சொன்னார். இருட்டில் மூடி திறக்கிற சத்தம் கேட்டது.

செட்டைச் சுத்தம் செய்வதில்கூட நாங்கள் தப்புத்தான் செய்திருந்தோம். அப்பா டூத்பேஸ்ட் போட்டு அழுத்தித் தேய்ப்பார். அது தகட்டில் கீறல் போட்டு, பூஞ்சைக்கு இன்னும் இடம் கொடுக்கும். மிருதுவான பிரஷ், கொஞ்சம் சோப்புத் தண்ணீர் போதும். கீழே ஒரு மக்கில் தண்ணீர் வைத்துக்கொண்டு அதன்மேல் பிடித்துத் தேய்த்தால் கை வழுக்கினாலும் உடையாது. வெந்நீர் ஊற்றக் கூடாது, அக்ரிலிக் வளைந்துவிடும். செட்டு ஊற வைக்கிற மாத்திரை மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கிறது, டாக்டரம்மா சொன்னபடி அதைப் போடுகிறோம். அண்ணத்தையும் ஈறையும் நாக்கையும்கூட மெதுவாகத் துலக்க வேண்டும், பல் இல்லாத இடம்தானே என்று விடக் கூடாது. பழைய டூத்பிரஷ்ஷைத் தூக்கிப் போட்டோம்.

இன்ஹேலர் விஷயத்தில் ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். "இந்தப் பம்ப்பாலதான் வந்துச்சுன்னா எனக்கு அது வேணாம்" என்று அப்பா அதை நிறுத்தப் பார்த்தார். நிறுத்தவே கூடாது. வாய்ப் பூஞ்சை இரண்டு வாரத்தில் சரியாகிவிடும். இன்ஹேலரை நிறுத்தி வீசிங் ஏறினால் ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டியதுதான். மாற்ற வேண்டியது அடிக்கும் முறையை. பம்ப் வாங்கிய அன்றே ஸ்பேசர் என்ற பிளாஸ்டிக் குழாயும் கூட வாங்கியிருந்தோம். பீரோமேல் அட்டைப்பெட்டியோடு கிடந்தது. அதை மாட்டி அடித்தால் மருந்து வாயில் படிவது குறைந்து, நுரையீரலுக்கு அதிகம் போகும். இப்போது ராத்திரி வரிசை இப்படி: சாப்பாடு, ஸ்பேசரோடு பம்ப், வாஷ்பேசினில் போய் வாய் கொப்பளித்து, தொண்டை வரை கொப்பளித்துத் துப்புவது, செட்டைக் கழற்றித் தேய்த்து டப்பாவில் போடுவது, மருந்து, படுக்கை. அம்மா இதைக் காலண்டர் அட்டையின் பின்பக்கம் எழுதி வாஷ்பேசின்மேல் ஒட்டியிருக்கிறாள்.

அந்த நாட்களில் என்ன சாப்பிட்டார் என்று கேட்பீர்கள். ஆறிய கஞ்சி, மோர் சாதம், சாம்பாரை ஒதுக்கிவிட்டு வெறும் இட்லி, வேகவைத்துக் குழைத்த பூசணி. ஊறுகாய், மிளகாய், புளி மூன்றையும் தள்ளி வைத்தோம். சர்க்கரை டாக்டரையும் பார்த்து அளவைக் கட்டுக்குள் கொண்டுவந்தோம். நான்காம் நாள் எரிச்சல் குறைந்தது. எட்டாம் நாள் வெள்ளை போய்விட்டது. அப்பா அன்றைக்கே மருந்தை நிறுத்தலாம் என்றார். நான் விடவில்லை, எழுதிக் கொடுத்த 14 நாளும் போட்டோம்.

பள்ளியில் இதைச் சொன்னபோது கூட வேலை செய்கிற டீச்சர் ஒருவர் தன் இரண்டு மாதப் பேத்திக்கு நாக்கு வெள்ளையாக இருக்கிறது என்றார். குடித்த பாலின் படிவு என்றால் ஈரத்துணியில் லேசாகத் துடைத்ததும் போய்விடும். கன்னத்துக்குள்ளும் இருந்து, எளிதில் போகாமல், குழந்தை பால் குடிக்கச் சிணுங்கினால் குழந்தை டாக்டரிடம் காட்ட வேண்டும். தாய்க்கும் மார்க்காம்பில் எரிச்சலோ வலியோ இருந்தால் இரண்டு பேருக்கும் சேர்த்து மருந்து கொடுப்பார்கள், இல்லாவிட்டால் மாறி மாறித் தொற்றும். ஒரு வயது ஆகாத குழந்தைக்குத் தேன் தடவவே வேண்டாம். தேனில் இருக்கக்கூடிய ஒரு கிருமி அந்த வயதுக் குடலில் வளர்ந்து விஷமாகிவிடும்.

இரண்டு வாரம் கழித்துப் போனபோது திட்டு எதுவும் மிச்சமில்லை. அண்ணத்தில் மட்டும் லேசான சிவப்பு. பழைய செட்டு இனி உதவாது என்று புதுசுக்கு அளவு எடுத்திருக்கிறார்கள், வருகிற வியாழக்கிழமை கிடைக்கும். புகையிலை போட்ட வாய் என்பதால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்து காட்டச் சொல்லியிருக்கிறார்.

போன ஞாயிறு நான் டார்ச் அடித்து அப்பாவின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்தமுறை கதவைச் சாத்தச் சொல்லவில்லை. அம்மா கீரை ஆய்ந்தபடி பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். எட்டிப் பார்த்துவிட்டு, கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, "அப்படியே எனக்கும் பாரு" என்று வாயைத் திறந்தாள்.